விமானி இல்லாத விமானம்: அதன் மூளை யார் கையில்?

தை பிறந்துவிட்டால் தர்மபுரி மாவட்டத்தில் மாமரங்கள் பூக்கத் தொடங்கும். பூ வந்தால் தத்துப்பூச்சியும் கூடவே வரும். பூச்சி வந்தால் மருந்து அடித்தே ஆகவேண்டும்.

அந்த வேலையைச் செய்கிறவர் கூலித் தொழிலாளி. முதுகில் மருந்துத் தொட்டி. கையில் குழாய். மரத்தை அண்ணாந்து பார்த்து மருந்து அடிக்கிறார். காற்று திசை மாறினால் மருந்து அவர் முகத்திலேயே விழுகிறது. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருக்கிறார். அவருக்கு உள்ள பாதுகாப்பு அவ்வளவுதான்.

இப்போது வேறொரு காட்சியும் கிராமங்களில் காணக் கிடைக்கிறது. விசிறிகள் சுழல, ஒரு யந்திரம் பெரிய வண்டு போல இரைந்துகொண்டு எழும்புகிறது. அதன் வயிற்றில் 10 லிட்டர் தொட்டி. நேராகப் போகிறது. வரப்பு வந்ததும் திரும்புகிறது. மீண்டும் நேராக வருகிறது. சுமார் பத்து நிமிடத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடுகிறது. அதற்குள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுகிறார்கள்.

"இதை ஓட்டுகிற ஆள் எங்கே?" என்பதுதான் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி.

வரப்பில் ஓர் இளைஞர் நிற்கிறார். அவர் கையில் ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் அவர் விசையைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். யந்திரம் தானாகவே பறக்கிறது!

அப்படியானால் அதை ஓட்டுவது யார்?

உள்ளே ஒரு மூளை இருக்கிறது. அதற்கு "ஆட்டோ பைலட்" என்று பெயர். தானாக இயங்கும் விமானி என்று பொருள். இந்த மூளை என்ன விலை? அதை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்ற முடியுமா? அதன் சாவி யார் கையில் இருக்கிறது? டிரோன் என்கிற இந்த யந்திரத்தால் குடியானவருக்கு நன்மையா, செலவா என்பது இந்தக் கேள்விகளின் விடையில்தான் இருக்கிறது.

தலையில் குடம்

ஒரு பெண் தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடந்து வருகிறார். கைகளை வீசிக்கொண்டே வருகிறார். குடம் விழுவதில்லை. என்ன காரணம்?

குடம் இடப்பக்கம் சாய்ந்தால் கழுத்து அதை உணர்கிறது. உடனே உடம்பு சரிசெய்கிறது. இதை அவர் யோசித்துச் செய்வதில்லை. அது தானாகவே நடக்கிறது.

டிரோனின் மூளையும் இதைத்தான் செய்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பலகை. அதில் ஒரு சின்ன கம்ப்யூட்டர். யந்திரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல ஒரு கருவி. எந்த வேகத்தில் தள்ளப்படுகிறது என்று சொல்ல ஒன்று. காற்றின் அழுத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்ல ஒன்று. வடக்கைக் காட்ட ஒரு திசைமானி. வானத்தில் உள்ள செயற்கைக் கோள்களைக் கேட்டு, "நீ இருக்கும் இடம் இது" என்று சொல்ல இன்னொன்று.

இந்தக் கருவிகள் சொல்வதை மூளை ஒரு விநாடிக்குப் பல நூறு முறை கேட்கிறது. வலப்பக்கம் தாழ்ந்தால், வலப்பக்க விசிறியை வேகமாகச் சுழற்றச் சொல்கிறது. பாட்டரி தீரப்போகிறதா? "கிளம்பிய இடத்துக்குத் திரும்பு" என்கிறது. கைப்பெட்டியுடன் தொடர்பு அறுந்ததா? அப்போதும் வீடு திரும்பச் சொல்கிறது.

மூளை கெட்டால் சுமார் 25 கிலோ எடையுள்ள யந்திரம் கல் போல விழும். கீழே மனிதர்கள் இருக்கலாம். ஆகவே இது விளையாட்டுச் சாமான் அல்ல.

கையை உயர்த்திக் காட்டிய விமானி

இந்த மூளை இன்று நேற்றுப் பிறந்தது அல்ல.

1914-ம் ஆண்டு ஜூன் 18-ந்தேதி. பிரான்சு நாட்டில் பாரீஸ் நகருக்கு அருகே, சீன் நதிக்கு மேல் ஒரு விமானம் பறந்தது. அதை ஓட்டியவர் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க வாலிபர். கூட்டத்துக்கு முன்னால் வந்ததும் அவர் விசைகளை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார். உடன் வந்த மெக்கானிக் விமானத்தின் இறக்கை மீது நடந்து போனார். அப்போதும் விமானம் சாயவில்லை!

பம்பரம் போலச் சுழலும் சக்கரங்களைக் கொண்டு ஸ்பெர்ரி செய்த கருவிதான் விமானத்தை நிலையாக வைத்திருந்தது. சுழலும் பம்பரம் எளிதில் சாயாது அல்லவா? அதே தத்துவம்தான்.

பல காலம் அந்தக் கருவி பெரிய விமானங்களுக்கும் ராணுவத்துக்கும் மட்டுமே கட்டுப்படியாயிற்று. எடையும் அதிகம். விலையும் அதிகம்.

அதை மாற்றியது எது? நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போன்!

செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறது. சாய்வை உணரும் கருவி அதற்குள் இருப்பதே காரணம். கோடிக்கணக்கான செல்போன்களுக்காக இந்தக் கருவிகளைச் செய்தார்கள். கடுகு போலச் சிறுத்தன. விலையும் இறங்கியது. ஸ்பெர்ரியின் சக்கரங்கள் செய்த வேலையை ஒரு சின்ன சில்லு செய்யத் தொடங்கியது.

பூட்டாத பெட்டி

கருவி மலிந்தால் போதுமா? போதாது. கருவி சொல்வதைக் கேட்டு, என்ன செய்வது என்று முடிவு செய்யும் கட்டளைத் தொகுப்பு வேண்டும். அதை "சாப்ட்வேர்" என்கிறார்கள். அதை எழுதுவதுதான் கடினமான வேலை.

2007-ம் ஆண்டு அமெரிக்காவில் கிறிஸ் ஆண்டர்சன் என்ற பத்திரிகை ஆசிரியர், தம் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு விளையாட்டு விமானத்துக்கு மூளை செய்து பார்த்தார். அவரைப் போன்ற ஆர்வலர்கள் பலர் ஒன்று சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மெக்சிகோ நாட்டில் பிறந்த ஜோர்டி முனோஸ் என்ற இளைஞர். வீடியோ விளையாட்டுக் கருவியில் இருந்த உணர்கருவியை எடுத்துப் பொம்மை ஹெலிகாப்டரில் வைத்துப் பறக்கவிட்டவர் அவர். 2009-ல் இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள்.

இந்த ஆர்வலர் கூட்டத்தில் வளர்ந்த சாப்ட்வேருக்கு "ஆர்டுபைலட்" என்று பெயர். ஏறக்குறைய அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் லோரன்ஸ் மையர் என்ற மாணவர் "பிக்ஸ்ஹாக்" என்ற திட்டத்தைத் தொடங்கினார்.

இவற்றில் என்ன விசேஷம்?

இவை பூட்டாத பெட்டிகள். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மாற்றலாம். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆர்டுபைலட்டுக்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அதை மாற்றி மற்றவருக்கு விற்கிறவர், தாம் செய்த மாற்றத்தை மறைக்கக் கூடாது. வாங்கியவருக்கும் அது கிடைக்கவேண்டும்.

பொதுக் கிணற்றில் யாரும் தண்ணீர் இறைக்கலாம். தூர் வாரவும் எல்லோரும் வரவேண்டும். அப்படிப்பட்ட ஏற்பாடு இது.

சாப்ட்வேர் இலவசம். அதை ஏற்றும் பலகை, தரத்துக்கு ஏற்ப, சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல பத்தாயிரம் ரூபாய் வரை ஆகிறது. முன்பு பெரிய நாடுகளின் ராணுவத்துக்கு மட்டும் எட்டிய மூளை, இன்று ஒரு கல்லூரி மாணவர் குழுவுக்கு எட்டுகிறது.

குரோம்பேட்டையில் ஒரு முயற்சி

தமிழ்நாட்டில் இந்த வேலையில் முன்னால் நிற்பது சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. கல்லூரி. 1949-ல் சி.ராஜம் தொடங்கிய கல்லூரி அது. அப்துல் கலாம் விமானப் படிப்பு படித்ததும் அங்கேதான். இப்போது அது அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்குள்ள விண்வெளி ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் செந்தில்குமார் வழிகாட்ட, மாணவர்கள் "தக்ஷா" என்ற குழுவை அமைத்தார்கள்.

2012-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி நிறுவனமான "தார்பா" ஒரு போட்டி நடத்தியது. ஆளில்லாச் சிறு விமானம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய், உளவு பார்த்துத் திரும்பவேண்டும். உலகின் பல பாகங்களில் இருந்தும் குழுக்கள் விண்ணப்பித்தன. இறுதிச் சுற்றுக்குப் போன சில குழுக்களில் தக்ஷாவும் ஒன்று.

அந்தப் போட்டியில் பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை! கொடுத்த வேலையை ஒரு குழுவாலும் முழுதாக முடிக்க முடியவில்லை. பறப்பது எளிது, தானாக யோசித்துப் பறப்பது கடினம் என்று அன்று எல்லோருக்கும் விளங்கியது.

குழு சோர்ந்துவிடவில்லை. 2018-ல் ஆஸ்திரேலியாவில் மற்றொரு போட்டி. தொலைவில் தவிக்கும் நோயாளியிடம் ஆளில்லா விமானம் போய், ரத்த மாதிரியை வாங்கி வரவேண்டும். அதில் தக்ஷா 2-வது இடம் பெற்றது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். 2020-ல் கொரோனா பரவியபோது கிருமிநாசினி தெளிக்கவும் தக்ஷாவின் டிரோன்கள் பறந்தன.

2022-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஒரு கழகம் அமைத்தது. தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனங்கள் கழகம் என்பது அதன் பெயர்.

தர்மபுரிக்கு எது தேவை?

குரோம்பேட்டையில் பறந்தால் போதாது. தர்மபுரிக் கொல்லையில் பறக்கவேண்டும். அங்கேதான் சிக்கல்.

முதலாவது, மேடு பள்ளம். இங்குள்ள நிலம் தஞ்சாவூர் நஞ்சை போலச் சமமானது அல்ல. பல இடங்களில் சரிவு. டிரோன் பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் ஒரே சீராகப் பறக்கவேண்டும். கிளம்பிய இடத்தை மட்டும் வைத்து உயரத்தைக் கணக்கிட்டால், மேட்டில் பயிரில் மோதும். பள்ளத்தில் உயரப் போய், மருந்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஆகவே தரையை நொடிக்கு நொடி அளந்து பறக்கும் கருவியைச் சேர்க்கவேண்டும். பூட்டாத மூளையில் அதைச் சேர்க்க வழி உண்டு. பூட்டிய மூளையில் கம்பெனி மனம் வைத்தால்தான் உண்டு.

இரண்டாவது, துண்டு நிலம். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று கோணல் மாணலாகக் கிடக்கும். வழிகாட்டும் செயற்கைக் கோள் கணக்கு இரண்டு மூன்று மீட்டர் தவறலாம். பெரிய பண்ணையில் அது ஒரு பொருட்டல்ல. இங்கே மூன்று மீட்டர் தவறினால் அடுத்தவர் கொல்லை!

அடுத்தவர் கொல்லையில் மல்பெரி இருந்தால் என்ன ஆகும்? தர்மபுரி பட்டுக்கூட்டுக்குப் பேர்போன ஊர். பட்டுக்கூடு ஏலம் நடக்கும் அரசு அங்காடி அங்கே இருக்கிறது. பூச்சி மருந்து பட்ட மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும். ஒரு குடும்பம் இரவு பகலாகக் கண் விழித்து வளர்த்த புழுக்கள் ஒரே நாளில் போய்விடும். அண்ணன் தம்பி போல இருந்தவர்கள் வழக்குக்கும் போவார்கள்.

இதைத் தடுக்கும் வழியும் மூளையில்தான் இருக்கிறது. தரையில் ஒரு துணைக் கருவியை நட்டுவிட்டால் இடக் கணக்கின் தவறு சில செண்டிமீட்டராகக் குறையும். "மல்பெரிப் பக்கம் இத்தனை அடி விட்டுவிடு", "காற்று பலமானால் மருந்தை நிறுத்து" என்று கட்டளை எழுதி வைக்கலாம். ஆனால் அந்தக் கட்டளையை எழுதுவதற்கு மூளை திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மலைக் கிராமங்கள். 2021 சட்டசபைத் தேர்தலின்போது இந்த மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு ஓட்டுப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மீது ஏற்றித்தான் கொண்டு போனார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரைப் பாம்பு கடித்தால் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டில் 2016 முதல் ஆளில்லா விமானங்கள் மலை தாண்டி மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டு போகின்றன. அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்கக் கூடாது?

நான்காவது, மொழி. பாட்டரி குறைகிறது என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தால், அவசரத்தில் எத்தனை பேருக்குப் புரியும்? திறந்த மூளையோடு பேசும் திரையைத் தமிழில் எழுதலாம். தமிழிலேயே பேச வைக்கலாம்.

எட்டு லட்சம் போக இரண்டு லட்சம்

மத்திய அரசு 2023 நவம்பரில் "நமோ டிரோன் சகோதரி" திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாடு முழுவதும் 15 ஆயிரம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் கொடுப்பது என்று திட்டம். ஒதுக்கிய தொகை 1,261 கோடி ரூபாய். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். குழுவில் ஒரு பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி.

நல்ல திட்டம்தான். பத்து லட்ச ரூபாய் யந்திரத்தில் எட்டு லட்சத்தை அரசு கொடுத்தாலும், மீதி இரண்டு லட்சம் குழுவின் கடன். அந்தக் கடனை வாடகை வசூலித்து அடைக்கவேண்டும். மருந்து அடிக்கும் பருவமோ சில வாரம்தான். அந்த நேரம் பார்த்து மூளைப் பலகை பழுதானால்? தொலைவில் உள்ள கம்பெனியில் இருந்து ஆள் வரும் வரை யந்திரம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூளையின் இயல்பு உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் இந்த நிலை வராது. பம்பு செட்டுக்கு உள்ளூரில் மெக்கானிக் இருக்கிறார். டிரோனுக்கும் இருக்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எல்லோரும் மூளையைத் திறந்து மாற்றினால் ஆபத்து இல்லையா? இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைத் தொழிலுக்குப் பயன்படுத்த, அந்த வகைக்குத் தரச் சான்று வேண்டும். ஓட்டுகிறவருக்கும் சான்றிதழ் வேண்டும். வயது 18 முதல் 65-க்குள் இருக்கவேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும். விமான நிலையம் போன்ற இடங்களுக்கு அப்பால், பச்சை மண்டலத்தில், 400 அடி உயரம் வரை பறக்கலாம்.

சான்று பெற்ற டிரோனின் மூளையை ஒருவர் தம் இஷ்டத்துக்கு மாற்றினால், அது சான்று பெற்ற டிரோனாக இராது. விபத்து நடந்தால் அவரே பொறுப்பு. இது நியாயமான விதிதான். ஆராய்ச்சி செய்யும் கல்விக்கூடங்களுக்கு விதிகளிலேயே சலுகை இருக்கிறது. ஆகவே மாற்றிப் பார்க்க வேண்டிய இடம் வரப்பு அல்ல. கல்லூரி மைதானம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 2025 ஜூன் 1-ந்தேதி உக்ரைன் நாட்டு டிரோன்கள் ரஷிய விமான தளங்களுக்குள் புகுந்து குண்டு விமானங்களைத் தாக்கின. அவற்றில் ஆர்டுபைலட் பயன்பட்டதாகச் செய்திகள் வந்தன. பிள்ளைகளோடு விளையாட்டாகத் தொடங்கியது போர்க்களம் வரை போய்விட்டது! கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும் என்பது புதிய பாடம் அல்ல.

பூட்டிய மூளையில் ஆபத்து இல்லையா? அதிலும் உண்டு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவருக்கே தெரியாது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு டிரோன்கள் இறக்குமதிக்குத் தடை போட்டது. ஆனால் பாகங்களுக்குத் தடை இல்லை. 2025 பிப்ரவரியில் ராணுவத்துக்கு 400 டிரோன்கள் வாங்கும் ஒப்பந்தங்கள் ரத்தாயின. சீனப் பாகங்கள் இருந்ததே காரணம் என்று செய்தி வந்தது. உடம்பு நம் நாட்டில் செய்தது, உள்ளுறுப்பு அந்நிய நாட்டுச் சரக்கு என்றால் நம்பிக்கை எப்படி வரும்?

கூலிக்காரர் என்ன ஆவார்?

டிரோன் வந்தால் மருந்து அடிக்கும் கூலிக்காரரின் வேலை போய்விடாதா?

அந்த வேலை அவருக்குச் சோறு போடுகிறது. அதே வேலை அவர் நுரையீரலில் நஞ்சையும் போடுகிறது. நஞ்சு போகவேண்டும். சோறு போகக் கூடாது. யந்திரம் பணக்காரர் ஒருவரின் சொத்தாக மட்டும் வந்தால் கூலிக்காரருக்கு இரண்டும் போகும். மகளிர் குழுவின் சொத்தாக, கூட்டுறவுச் சங்கத்தின் சொத்தாக வந்தால், அவர் வீட்டுப் பெண்ணே அதை ஓட்டலாம். அவர் மகனே அதைப் பழுது பார்க்கலாம்.

அதற்கு விலை குறையவேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிரோன்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. மற்றொரு பாதியை நாம்தான் செய்யவேண்டும்.

தர்மபுரியில் அதற்கு வசதி இல்லாமல் இல்லை. செட்டிக்கரையில் அரசு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. முன்னதற்கு யந்திரம் தெரியும். பின்னதற்குப் பயிர் தெரியும். இரண்டும் கை கோத்து, குரோம்பேட்டையின் அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டால், இந்த மாவட்டத்தின் சரிவுக்கும் துண்டு நிலத்துக்கும் ஏற்ற மூளையைத் தயார் செய்யலாம். முறைப்படி சான்றும் வாங்கலாம்.

விசிறியை எவரும் விற்பார்கள். தொட்டியை எவரும் விற்பார்கள். மூளையை மட்டும் கடன் வாங்கக் கூடாது.

பக்கத்துக் கொல்லையில் மல்பெரி இருப்பது அந்நிய நாட்டுக் கம்பெனிக்குத் தெரியாது. வரப்பில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதைக் கேட்கும் யந்திரமே அவருக்கு உதவும் யந்திரம்.